ஆக்கலும் காத்தலும் – உதகைப் பூங்கா தரும் பாடம்

முன்னுரை

இறைவன் உலகைப் படைத்த வரலாற்றை விவிலியத்தின் தொடக்க நூலில் படிக்கின்றோம். அதில் முதல் மனிதனுக்கு இறைவன் அளித்த இருப்பிடம் அரண்மனையன்று, ஒரு தோட்டம். அத்தோட்டத்தில் அவனுக்குக் கொடுக்கப்பட்ட வேலைகள் இரண்டு. ஒன்று மண்ணைப் பண்படுத்துவது. மற்றொன்று தோட்டத்தைக் காப்பது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில் இவ்விரு பணிகளையும் எடுத்து விளக்கி, இயற்கையிடம் மனிதனுக்கு உள்ள பொறுப்பை நினைவூட்டியுள்ளார்.

இவ்விரண்டில் முதல் பணியைச் செய்ய எல்லோரும் ஓடி வருவோம். இரண்டாவது பணிக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை. ஆயிரக்கணக்கானோர் வந்து பார்க்கும் ஒரு பெரிய பூங்கா எவ்வாறு உருவாகின்றது, அது எவ்வாறு அழியாமல் நிற்கின்றது என்பதை உதகமண்டலம் அரசினர் தாவரவியல் பூங்காவைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரையில் காண்போம்.

நாற்பது கன்றுகளின் கதை

இப்பொருளைப் பற்றி எழுத எங்களைத் தூண்டியது எங்கள் தோல்வியே. நாங்கள் எட்டாம் வகுப்பில் இருந்தபோது, சூன் 5ஆம் நாள் உலகச் சுற்றுச்சூழல் நாளன்று பள்ளி மதிலோரம் நாற்பது மரக்கன்றுகளை நட்டோம். பாட்டுப் பாடினோம், உறுதிமொழி எடுத்தோம், நிழற்படமும் எடுத்துக்கொண்டோம். அடுத்த சூன் மாதம் ஒன்பதாம் வகுப்புக்குள் நுழைந்தபோது எண்ணிப் பார்த்தால் ஏழு கன்றுகளே உயிரோடு இருந்தன. கோடை விடுமுறையில் அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது யார் என்று எங்களில் ஒருவரும் நினைக்கவில்லை. யாரையும் குறை கூற முடியாது. நட்டவர்கள் நாங்கள்; மறந்தவர்களும் நாங்களே.

அவ்வாண்டு பொங்கல் விடுமுறைக்குப் பின் எங்களை உதகைக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் சென்றார்கள். பூங்காவைப் பார்த்தபோது எல்லோரும் "எவ்வளவு அழகு!" என்றோம். எங்கள் உயிரியல் ஆசிரியை மட்டும், "அழகைப் பார்த்தது போதும், இங்கே வேலை செய்பவர்களைப் பாருங்கள்" என்றார்கள். அன்று பார்த்ததும், திரும்பி வந்து நூலகத்தில் படித்ததும் சேர்ந்ததே இக்கட்டுரை.

பூங்கா பிறந்த வரலாறு

தமிழகத்தின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவின் (2,637 மீட்டர்) சரிவில் இப்பூங்கா அமைந்துள்ளது. இதன் பரப்பு ஏறத்தாழ 22 எக்டேர், அதாவது 55 ஏக்கர். கோவை மாவட்ட ஆட்சித்தலைவராக இருந்த ஜான் சல்லிவன் 1819ஆம் ஆண்டில் நீலகிரிக்கு வந்த பின்னர் ஐரோப்பியர் பலர் இங்கே குடியேறினர். அவர்களுக்குத் தங்கள் நாட்டுக் காய்கறிகள் வேண்டியிருந்தன. ஆகவே 1845ஆம் ஆண்டில் சிலர் கூடி, ஆளுக்கு மாதம் மூன்று ரூபாய் சந்தா செலுத்தி ஒரு காய்கறித் தோட்டம் போட்டனர். அத்தோட்டம் நிலைக்கவில்லை.

அதன் பின்னர் சென்னை ஆளுநர் ட்வீடேல் பிரபுவின் ஆதரவில், பொதுமக்களுக்கான ஒரு தோட்டம் அமைக்கும் எண்ணம் உருவாயிற்று. இலண்டனுக்கு அருகிலுள்ள கியூ தாவரவியல் பூங்காவில் பயிற்சி பெற்ற வில்லியம் கிரகாம் மெக்கைவர் என்னும் இளைஞர் அதற்காக வரவழைக்கப்பட்டு, 1848ஆம் ஆண்டில் உதகை வந்து சேர்ந்தார். இன்று நாம் காணும் பூங்காவின் அமைப்புக்கு வித்திட்டவர் அவரே.

ஒரு சிலர் தங்கள் சமையலுக்காகப் போட்ட தோட்டம் மூன்றாண்டுகளில் மறைந்தது. எல்லோருக்குமாக எழுப்பிய தோட்டம் 175 ஆண்டுகளைக் கடந்து நிற்கின்றது. ஊர் முழுவதும் தன்னுடையது என்று நினைக்கும் பொருளுக்கே நீண்ட ஆயுள் கிடைக்கின்றது என்பதை இங்குக் காண்கின்றோம்.

முதலில் வடிகால், பிறகு செடி

மெக்கைவருக்குக் கொடுக்கப்பட்ட நிலம் எளிதானதன்று. மேற்பகுதி செங்குத்தான சரிவும், அடர்ந்த மரங்களும், ஆழமான ஓடைப் பள்ளங்களுமாக இருந்தது. கீழ்ப்பகுதி சதுப்பு நிலம். கால் வைத்தால் சேறு. நாமாக இருந்தால் முதல் நாளே ரோஜாச் செடி வைத்திருப்போம். அவரோ முதலில் தண்ணீரைக் கவனித்தார். சதுப்பிலிருந்த நீரை வடித்து, சரிவுகளைப் படிப்படியாகத் திருத்தி, பாதைகள் அமைத்து, அதன் பின்னரே செடிகளுக்கு இடம் வகுத்தார். இவ்வேலை முடிய ஏறத்தாழ பத்தாண்டுகள் ஆயின.

வேர் நீரில் நின்றால் செடி ஏன் இறக்கின்றது? வேரும் சுவாசிக்கின்றது. மண் துகள்களுக்கு இடையே உள்ள சிறு இடைவெளிகளில் காற்று இருக்கின்றது. அங்கே நீர் தேங்கிவிட்டால் காற்றுக்கு இடமில்லை, வேர் அழுகிவிடும். ஆகவே தோட்டக் கலையின் முதல் பாடம் தண்ணீர் ஊற்றுவது அன்று. தேங்கும் தண்ணீரை வெளியேற்றுவது.

குன்னூரில் 1874ஆம் ஆண்டில் உருவான சிம்ஸ் பூங்கா இதற்கு மற்றொரு சான்று. அங்கே பள்ளத்தாக்கை மண்ணிட்டு மூடவில்லை. இயற்கையான சரிவையும் அங்கிருந்த சோலை மரங்களையும் அப்படியே வைத்துக்கொண்டு, அவற்றின் போக்கிலேயே பூங்காவை அமைத்தனர். நிலத்தோடு போராடாமல் அதன் குணமறிந்து நடப்பதும் ஒரு வழியாகும்.

நாள்தோறும் நடக்கும் காவல்

உதகைப் பூங்காவில் கீழ்ப்பூங்கா, புதிய பூங்கா, இத்தாலியப் பூங்கா, நீரூற்றுத் தளம், கண்ணாடி மாளிகை, நாற்றங்கால் எனப் பல பகுதிகள் உள்ளன. குரங்கு ஏற முடியாத மரம், இரண்டு கோடி ஆண்டு பழைமையானது என்று கூறப்படும் கல்லாகிப்போன மரத்துண்டு ஆகியவற்றைப் பார்க்கக் கூட்டம் நிற்கும். நாங்கள் நின்றது வேறோர் இடத்தில்.

சனவரி மாதத்துக் காலை நேரம். புல்வெளி முழுவதும் உப்பைத் தூவியது போல் உறைபனி வெளுத்துக் கிடந்தது. சில பெண்கள் மலர்ச் செடிகளின்மேல் போர்த்தியிருந்த மிலார் செடிக் கிளைகளைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். "ஏன் அம்மா, செடியை மூடி வைக்கிறீர்கள்?" என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். "ராத்திரியிலே குழந்தையைப் போர்த்தாமல் விடுவீங்களா, கண்ணு?" என்று அந்த அம்மா சிரித்துக்கொண்டே கேட்டார்.

அவர் சொன்னதில் அறிவியல் இருக்கின்றது. மேகமில்லாத இரவில் நிலம் தன் வெப்பத்தை வானுக்கு விரைவாக இழக்கின்றது. இலையின் உயிரணுக்களில் உள்ள நீர் உறைந்தால் அவை சிதைந்து, வெயில் வந்ததும் இலை கருகிவிடும். மேலே போர்த்திய கிளைகள் வெப்பம் வெளியேறுவதைக் குறைக்கின்றன. புல்வெளிக்கும் ஒரு முறை உண்டு. வெயில் ஏறுமுன் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைத்துவிடுகின்றார்கள். பார்வையாளர்கள் எழுந்து காப்பி குடிக்கும் முன்பே இவ்வேலை முடிந்துவிடும்; ஆகவே இதைக் கண்டவர் சிலரே.

ஆண்டுதோறும் மே மாதத்தில் இங்கே மலர்க் கண்காட்சி நடைபெறுகின்றது. 1896ஆம் ஆண்டில் தொடங்கிய இக்கண்காட்சி 2025இல் 127ஆவது முறையாக நடைபெற்றது. சில நாள் நடக்கும் கண்காட்சிக்குப் பல மாதங்களுக்கு முன்பே விதை தேர்ந்து, நாற்று விட்டு, ஆயிரக்கணக்கான தொட்டிகளுக்கு மாற்றுகின்றார்கள். டேலியா, சால்வியா, பெட்டூனியா, பேன்சி ஆகிய ஒவ்வொன்றும் பூப்பதற்கு எத்தனை நாள் ஆகும் என்று கணக்கிட்டு விதைத்தால்தான் எல்லாம் ஒரே வாரத்தில் பூக்கும். நாங்கள் பார்த்த சனவரியில் பூக்கள் குறைவு. ஆனால் நாற்றங்காலில் மே மாதம் முழுவதும் சிறு இலைகளாகக் காத்திருந்தது.

வருவோர் கால்களும் பூங்காவும்

எல்லோருக்கும் கதவைத் திறந்த பூங்காவுக்கு ஒரு சங்கடம் உண்டு. எவருக்காக அது உள்ளதோ, அவர்களாலேயே அது தேய்கின்றது. ஒருவர் புல்லில் நடந்தால் ஒன்றும் ஆகாது. ஓராயிரம் பேர் அதே இடத்தில் நடந்தால் மண் இறுகுகின்றது. மண்ணிலுள்ள காற்று இடைவெளிகள் அடைபடுகின்றன. மழைநீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடுகின்றது. புல் மஞ்சளாகி மறைகின்றது. சதுப்பில் மூச்சுத் திணறிய அதே வேர் இங்கே நம் காலடியில் மூச்சுத் திணறுகின்றது. ஆகவே கோடைக் கூட்டம் முடிந்ததும் பெரிய புல்வெளியை மூடி, உரமிட்டு, புல்லுக்கு ஓய்வு கொடுக்கின்றார்கள். "புல்வெளியில் நடக்காதீர்" என்ற பலகையைப் பார்த்து நாம் முகம் சுளிக்கின்றோம். அது புல்லுக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த ஓய்வுச் சீட்டு என்று இப்போது அறிகின்றோம்.

குப்பை அடுத்த தொல்லை. தமிழக அரசு 2019 சனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றைத் தடை செய்துள்ளது. கூட்டம் இன்னொரு தொல்லை. மலை தாங்கும் அளவுக்கு மேல் வண்டிகள் ஏறியதால், சென்னை உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் வருவோருக்கு இ-பாஸ் முறை கொண்டுவரப்பட்டது. விருந்தினரை வரவேற்பது நம் பண்பாடு. விருந்தினரும் வீட்டைக் கெடுக்காமல் வந்து போவது அதன் மறுபாதி அல்லவா?

அழகு என்று வந்த பகை

பூங்கா அமைப்போர் தூர நாடுகளிலிருந்து செடிகளைக் கொண்டுவருவது வழக்கம். அவற்றால் நன்மையும் விளைந்தது. தென் அமெரிக்க மரமான சின்கோனாவின் பட்டையிலிருந்துதான் மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான குவினைன் கிடைத்தது. 1860ஆம் ஆண்டு முதல் நீலகிரியில் அதனை வளர்க்கும் பொறுப்பையும் மெக்கைவர் ஏற்றார். பட்டையை உரித்தால் மரம் இறந்துவிடும் அல்லவா? அவர் பட்டையைக் கீற்றுக் கீற்றாக மட்டும் எடுத்து, எடுத்த இடத்தைப் பாசியால் மூடிக் கட்டினார். அங்கே புதுப் பட்டை வளர்ந்தது. மருந்தும் கிடைத்தது, மரமும் பிழைத்தது. எடுப்பவன் காப்பவனாகவும் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எங்களுக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் எல்லாச் செடிகளும் இவ்வாறு அமையவில்லை. விறகுக்கும் தோல் பதனிடுவதற்கும் வந்த சீகை மரமும், தைல மரமும் நீலகிரியின் பழைய புல்வெளிகளைப் பெருமளவில் விழுங்கிவிட்டன. அந்தப் புல்வெளிகள் பூங்காப் புல்வெளிகளைப் போல் மனிதர் போட்டவை அல்ல. தோடர்கள் தங்கள் எருமைகளை மேய்த்த நிலங்கள் அவை. சோலைக் காடுகளோடு சேர்ந்து மழைநீரைப் பிடித்து வைத்து ஓடைகளுக்கு மெல்ல மெல்ல விடுபவை. பூங்காவுக்கு மேலே இன்றும் ஒரு தோடர் மந்து உள்ளது. பூக்களைப் பார்த்துவிட்டுத் திரும்பும் நாம், அந்த மலைக்கு நம் பூங்காவுக்கு முன்பே ஒரு தோட்டமும் தோட்டக்காரர்களும் இருந்தனர் என்பதை நினைக்க வேண்டும்.

அழகுக்காகக் கொண்டுவந்த உண்ணிச்செடி இன்று இந்தியக் காடுகள் பலவற்றில் படர்ந்து, நம் நாட்டுச் செடிகளுக்கு இடமில்லாமல் செய்துவிட்டது. இதற்காக மலைக்குப் போக வேண்டியதில்லை. நம் திருவள்ளூர் மாவட்டத்து ஏரிகளிலும் குளங்களிலும் ஊதாப் பூவோடு மிதக்கும் ஆகாயத்தாமரையைப் பாருங்கள். அதுவும் தென் அமெரிக்காவிலிருந்து அழகுச் செடியாக வந்ததே. இன்று நீரின்மேல் பாய் விரித்தாற்போல் மூடி, கீழே உள்ள மீன்களுக்கு ஒளியும் காற்றும் கிடைக்காமல் செய்கின்றது. ஆகவே ஒரு செடியை நடுமுன், "இது அழகா?" என்று கேட்பதோடு, "இது வேலி தாண்டுமா?" என்றும் கேட்க வேண்டும்.

முன்னோர் கண்ட நந்தவனம்

பூங்கா அமைப்பது வெள்ளையர் கற்றுத் தந்த கலை என்று எண்ணிவிடக் கூடாது. நம் கோயில்களில் நந்தவனம் அமைப்பது பழைய வழக்கம். சோழர் காலக் கல்வெட்டுகளில் நந்தவனத்துக்கு நிலம் கொடுத்த செய்திகள் காணப்படுகின்றன. அவற்றில் நம்மைக் கவர்வது ஒன்று உண்டு. தோட்டத்துக்கு இடம் கொடுத்ததோடு அவர்கள் நிற்கவில்லை. அதில் உழைப்பவர்களின் வாழ்வுக்கும் நிலம் ஒதுக்கினார்கள். செடி வாழ வேண்டுமானால் செடியைக் காப்பவன் வாழ வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். நாங்கள் நாற்பது கன்றுகள் வாங்கப் பணம் சேர்த்தோம். ஒரு வாளி வாங்கவில்லை!

நம் மாவட்டத்தில் ஒரு பூங்கா

கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை உள்ளது. எங்களில் பலருடைய தந்தையர் அங்கே முறை மாற்றி இரவும் பகலும் வேலை செய்கின்றார்கள். ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தவர்களும் ஏராளமானோர் ஒற்றை அறைகளில் தங்கி உழைக்கின்றார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலையில் அவர்கள் காலாற அமர்வதற்கு நிழலான ஓர் இடம் வேண்டும். ஆகவே இங்குப் பூங்கா என்பது ஆடம்பரமன்று. சோற்றுக்கு அடுத்த தேவை.

ஆனால் உதகையை அப்படியே இங்குப் பெயர்த்து வைக்க முடியாது. நம் ஊரில் உறைபனி இல்லை; அக்கினி நட்சத்திரம் உண்டு. நமக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வருகின்றது. அப்போது பள்ளமான இடமெல்லாம் நீர் நிற்கும். மீஞ்சூர், பொன்னேரிப் பகுதிகளில் நிலத்தடி நீரை மிகுதியாக இறைத்ததால் கடல்நீர் உள்ளே புகுந்து கிணறுகள் உவர்ப்பாகிவிட்டன. 2016 டிசம்பர் 12ஆம் நாள் வீசிய வர்தா புயலில் சென்னையிலும் நம் பகுதியிலும் சாய்ந்த மரங்கள் ஏராளம்.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்து எங்கள் வகுப்பில் சில முடிவுகளுக்கு வந்தோம். நம் பகுதியில் பூங்கா அமைப்போர் மெக்கைவரைப் போல முதலில் தண்ணீரைக் கவனிக்க வேண்டும். தாழ்வான மூலையில் ஒரு குளம் வெட்டினால், மழைக்காலத்தில் அது வடிகால். கோடையில் அதுவே நன்னீர்ச் சேமிப்பு. மரங்களில் புங்கம், வேம்பு, பூவரசு, புன்னை, நாவல், மகிழம் ஆகியவை நம் மண்ணுக்கும் வெயிலுக்கும் பழகியவை. புன்னையும் பூவரசும் கடற்காற்றையும் தாங்கும். பெரிய புல்வெளிக்குத் தண்ணீர் ஏராளம் வேண்டும். ஆதலால் புல்லுக்குப் பதில் நிழலையே நாம் பெருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கன்று வாங்கும் செலவோடு, காவலுக்கும் தண்ணீருக்கும் ஆகும் செலவையும் முதல் நாளே ஒதுக்க வேண்டும்.

இது வெறும் பேச்சாகப் போகாமலிருக்க, சென்ற செப்டம்பரில் நாங்கள் மீண்டும் கன்றுகள் நட்டோம். இம்முறை நாற்பது அல்ல, இருபது மட்டும். மழைக்கு முன் நட்டதால் வேர் பிடிக்க மழையே துணை செய்தது. நீர் நின்ற இடங்களில் சிறு வாய்க்கால் கீறிவிட்டோம். ஒவ்வொரு கன்றுக்கும் இருவர் பொறுப்பு. வெளியூர் செல்பவர் தம் முறையை மற்றவரிடம் ஒப்படைத்த பிறகே செல்ல வேண்டும். இன்று பதினெட்டுக் கன்றுகள் உயிரோடு உள்ளன. பழைய ஏழும் எங்கள் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டன.

முடிவுரை

அன்புத் தோழியரே! பொதுத் தேர்வு முடிந்ததும் நாங்கள் இப்பள்ளியை விட்டுச் செல்வோம். நாங்கள் அஞ்சுவது தேர்வுக்கு மட்டுமன்று. வரப்போகும் மே மாதத்துக்கும்தான். மெக்கைவர் 1876ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் அமைத்த பூங்கா இன்றும் பூப்பதற்குக் காரணம், அவருக்குப் பின் பெயர் தெரியாத எத்தனையோ பேர் அதிகாலையில் எழுந்து போர்த்தியும், தெளித்தும், களை பறித்தும் வந்ததே. நட்டவர் பெயரைக் கல்லில் பொறிக்கின்றார்கள். காத்தவர் பெயரை மரம் மட்டுமே அறியும்.

இருபத்தைந்து கன்றுகளின் முறைப்பட்டியல் ஒன்பதாம் வகுப்பு அறையின் பின் சுவரில் ஒட்டப்பட்டுள்ளது. எங்கள் பெயர்களை அடித்துவிட்டு உங்கள் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். வாளிகள் மாடிப்படியின் அடியில் உள்ளன. வடக்கு மதிலோரம் மூன்றாவதாக நிற்கும் மகிழங்கன்று சற்று நலிந்துள்ளது. அதற்கு மட்டும் மாலையிலும் தண்ணீர் வேண்டும்.

– பத்தாம் வகுப்பு மாணவியர்